பேதி கண்ட பிள்ளைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுப்பது எப்படி?

அக்கா மகனுக்கு அப்போது பதினான்கு மாதம். சாயங்காலம் தொடங்கிய வயிற்றுப்போக்கு ராத்திரி பதினொரு மணிக்குள் ஏழு தடவை ஆகிவிட்டது. தெருமுனை மருந்துக்கடையில் ஓஆர்எஸ் பாக்கெட் ஒன்று, அதாவது தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைப் பொடி, வாங்கி வந்தேன். வாயைக் கிழித்து, கைக்கு அகப்பட்ட எவர்சில்வர் தம்ளரில் அப்படியே கொட்டி, தண்ணீர் ஊற்றிக் கலக்கிக் கொடுத்தேன். பிள்ளை இரண்டு வாய் வாங்கி, முகத்தைச் சுளித்துத் துப்பினான். மறுபடி கொண்டுபோனால் தலையைத் திருப்பிக்கொண்டான். "அவனுக்கு இந்த ருசி பிடிக்கல" என்று விட்டுவிட்டோம். காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது அங்கிருந்த செவிலியர் கேட்ட முதல் கேள்வி: "பாக்கெட்டை எவ்வளவு தண்ணியில கரைச்சீங்க?"

அது ஒரு லிட்டருக்கான பாக்கெட். நான் கரைத்தது 200 மில்லி பிடிக்கும் ஒரு தம்ளரில், அதாவது ஐந்து மடங்கு கெட்டியாக. அந்தத் தம்ளரில் இருந்த சோடியம், கடல்நீரில் இருப்பதில் முக்கால் பங்குக்கும் மேல். பிள்ளை துப்பியதால் தப்பித்தான்; குடித்திருந்தால் ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பே வந்திருக்கும் என்று செவிலியர் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. கல்லூரி வரை படித்த எனக்கு ஒரு பாக்கெட்டைக் கரைக்கத் தெரியவில்லை. புதிதாகத் தாய் தகப்பன் ஆனவர்களுக்கும், பேரப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர்களுக்கும் இதைச் சொல்லியே ஆகவேண்டும் என்று அன்றைக்கே தோன்றியது.

பேதியில் உடம்புக்கு என்ன நடக்கிறது?

"தண்ணி குடுத்தா இன்னும் போகும், குடுக்காதே" என்று சொல்லும் ஒரு பெரியம்மாவாவது எல்லா வீட்டிலும் இருப்பார். பார்ப்பதற்கு அது சரி போலவே இருக்கும். கொடுத்த கொஞ்ச நேரத்தில் பிள்ளை போகத்தான் செய்யும். ஆனால் போவது நாம் கொடுத்த தண்ணீர் மட்டும் இல்லை. பெரியவர்களின் குடலுக்குள் ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது லிட்டர் திரவம் வந்து சேர்கிறது. நாம் குடிப்பது அதில் சுமார் இரண்டு லிட்டர்தான். மிச்சமெல்லாம் எச்சில், இரைப்பை நீர், பித்தநீர், கணையநீர், குடலே சுரக்கும் நீர். சுகமாக இருக்கும்போது இதில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மலத்தோடு வெளியே போவது 100, 200 மில்லிதான். கிருமி புகுந்தால் உறிஞ்சுவது குறைகிறது, சுரப்பது கூடுகிறது. வாயில் சொட்டுத் தண்ணீர் விடாமல் போனாலும் உடம்பில் இருக்கும் நீரும் உப்பும் அந்த வழியே இறங்கிக்கொண்டுதான் இருக்கும். சின்னப் பிள்ளையின் உடம்பில் மொத்த நீரே கொஞ்சம் என்பதால் அரை நாளிலேயே துவண்டுவிடுகிறது.

வெறும் தண்ணீர் ஏன் போதாது? குடல் சுவரில் ஒரு வாசல் இருக்கிறது. சர்க்கரையும் உப்பும் ஜோடியாக வந்தால்தான் அது திறக்கும். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு இரண்டு சோடியத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறது; அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. பெரும்பாலான வயிற்றுப்போக்கில், காலராவில்கூட, இந்த வாசல் கெடுவதில்லை. ஓஆர்எஸ் கரைசல் உள்ளே நுழைவது அந்த வழியாகத்தான். அளவு தப்பினால் ஜோடி தப்பும். சர்க்கரை கூடினால் அது குடலுக்குள்ளேயே தங்கித் தண்ணீரை வெளியே இழுத்துவிடும், பேதி அதிகமாகும். உப்பு கூடினால் ஆபத்து இன்னும் பெரியது.

இன்னொன்றையும் முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: இந்தக் கரைசல் பேதியை நிறுத்தாது. போன நீரை ஈடுகட்டும், அவ்வளவுதான். பேதி தானாக அடங்க மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் ஆகலாம். "ரெண்டு பாக்கெட் குடுத்தும் நிக்கலியே" என்று மனம் விட்டு, பாதியில் கைவிடுகிறவர்கள்தான் அதிகம்.

முதல் வேலை: பாக்கெட்டைப் படியுங்கள்

கடைகளில் இரண்டு அளவில் கிடைக்கிறது. பெரியது சுமார் 21 கிராம், ஒரு லிட்டர் தண்ணீருக்கு. சின்னது 4 கிராம் சொச்சம், 200 மில்லி தண்ணீருக்கு. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். எத்தனை மில்லிக்கு என்று உறையிலேயே போட்டிருப்பார்கள். எழுத்து பொடியாக இருந்தால் விளக்கடியில் கொண்டுபோய்ப் படியுங்கள், கடைக்காரரிடமே கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவுப்படி ஒரு லிட்டர் பாக்கெட்டுக்குள் குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம் இருக்க வேண்டும். உறையில் இந்த நான்கு எண்களையும் தேடிப் பாருங்கள். இருந்தால் நம்பி வாங்கலாம்.

கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. அட்டைப்பெட்டியில் உறிஞ்சுகுழலோடு வரும் இனிப்புப் பானங்கள் பல வருடங்களாக ஓஆர்எஸ் என்ற பெயரை ஒட்டிக்கொண்டு மருந்துக்கடையிலேயே விற்றன. அவற்றில் சர்க்கரை பல மடங்கு அதிகம், உப்பு குறைவு. ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதற்காக வருடக்கணக்கில் போராடினார், நீதிமன்றம் வரை போனார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், உரிய அளவில் இல்லாத பானங்களின் பெயரில் அந்தச் சொல்லே வரக்கூடாது என்று உத்தரவிட்டது. ஒரு தாய் தன் பிள்ளைக்கு மருந்து என்று நம்பிக் கொடுத்தது சர்க்கரைத் தண்ணீராக இருந்திருக்கிறது என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், எண்களைப் பார்த்து வாங்குங்கள்.

காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் இலவசமாகக் கொடுப்பார்கள். கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டாலும் கிடைக்கும்.

கரைப்பது

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் வேண்டும். ஒரு லிட்டரை எப்படி அளப்பது? தம்ளரை நம்பாதீர்கள், நம் வீட்டுத் தம்ளர்களில் 150 மில்லி பிடிப்பதும் உண்டு, 250 பிடிப்பதும் உண்டு. கடையில் வாங்கிக் குடித்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கழுவி வைத்துக்கொண்டால் வேலை முடிந்தது. அந்த பாட்டில் நிறைய ஆறிய நீரை எடுத்து மூடியுள்ள சுத்தமான பாத்திரத்தில் ஊற்றுங்கள். பாக்கெட் முழுவதையும் ஒரே தடவையில் கொட்டுங்கள். "கொஞ்சமாத்தானே குடிப்பான், பாதிப் பாக்கெட்டைப் பாதித் தண்ணியில போடுவோம்" என்று பிரிக்கக் கூடாது. உறைக்குள் நான்கு பொடிகளும் சமமாகக் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது, நம் கண்ணளவும் சரியாக இருக்காது.

அடியில் பொடி தங்காமல் கலக்குங்கள். தெளிந்த பிறகு நீங்கள் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். உதட்டில் வழிந்த கண்ணீரை நாக்கு தொட்டால் ஒரு கரிப்பு தெரியும் இல்லையா, அதைவிட அதிகம் கரிக்கக் கூடாது. அன்றைக்கு நான் இந்த ஒரு வாயைக் குடித்துப் பார்த்திருந்தாலே விஷயம் புரிந்திருக்கும்.

கரைத்த பிறகு காய்ச்சக் கூடாது. கூடுதலாகச் சர்க்கரை போடக் கூடாது. பால், பழச்சாறு, சோடா எதிலும் கரைக்கக் கூடாது. 24 மணி நேரம் ஆனதும் மிச்சம் எவ்வளவு இருந்தாலும் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும். பாத்திரத்தின் மேல் கரைத்த நேரத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டிவையுங்கள். தூக்கமில்லாத வீட்டில் நேற்று கரைத்ததா இன்று கரைத்ததா என்பது யாருக்கும் நினைவிருக்காது.

கொடுப்பது, இதில்தான் பொறுமை வேண்டும்

ஒவ்வொரு தடவை போன பிறகும், இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லி; இரண்டிலிருந்து பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி; அதற்கு மேல் தாகம் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு. இடையில் பிள்ளை கேட்டாலும் கொடுக்கலாம். கணக்கு இவ்வளவுதான். கஷ்டமெல்லாம் உள்ளே இறக்குவதில்தான்.

தம்ளரை வாயில் வைத்துச் சாய்த்தால் தாகத்தில் பிள்ளை மடமடவென்று குடிக்கும், உடனே முழுவதையும் வாந்தி எடுத்துவிடும். அதனால் ஸ்பூன். ஒன்று இரண்டு நிமிடத்துக்கு ஒரு டீஸ்பூன். பாலாடையோ சங்கோ பழகிய வீடாக இருந்தால் அதிலேயே கொடுக்கலாம். பிள்ளையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, உதட்டோரத்தில் சாய்த்து, விழுங்கியதைப் பார்த்து அடுத்த சொட்டு. படுக்கவைத்துத் தொண்டைக்குள் ஊற்றினால் புரையேறும். ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்சும் நல்ல வழி, கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம். பால்புட்டி வேண்டாம், அதைச் சுத்தமாக வைப்பது கஷ்டம். பேதிக்கே அதுதான் காரணமாகவும் இருக்கலாம்.

வாந்தி எடுத்தால்? பத்து நிமிடம் விடுங்கள். பிறகு மறுபடி தொடங்குங்கள், இன்னும் மெதுவாக, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன். எடுத்த வாந்தியில் கொடுத்ததெல்லாம் வந்துவிட்டது போலத் தெரியும். உண்மையில் ஒரு பகுதி உள்ளே தங்கியிருக்கும். மணிக்கணக்கில் ஸ்பூனோடு உட்கார ஒரே ஆளால் முடியாது. மறுநாள் நாங்கள் முறை வைத்துக்கொண்டோம். அக்கா தூங்கும்போது அத்தான், அவர் தூங்கும்போது நான். பத்து ஸ்பூன் ஆனதும் ஒரு தீக்குச்சியைத் தனியே எடுத்துவைப்போம். இரண்டு குச்சி சேர்ந்தால் 100 மில்லி. விடியும்போது தரையில் ஒன்பது குச்சி கிடந்தது.

தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை என்றால் பாலை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். வழக்கத்தைவிட அடிக்கடி கொடுங்கள், இடையிடையே கரைசலையும் கொடுங்கள். "அம்மா பால்தான் சூடு, அதான் பேதி" என்பார்கள். கேட்டுக்கொள்ள வேண்டாம். இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்குப் பேதி என்றால் வீட்டில் பார்த்துக்கொண்டிருக்காமல் நேராக மருத்துவரிடம் போய்விடுங்கள். எலும்பும் தோலுமாக மெலிந்திருக்கும் பிள்ளைக்கும் அப்படித்தான். அவர்களுக்கான கரைசலே வேறு, ஆஸ்பத்திரியில்தான் கொடுக்க வேண்டும்.

பாக்கெட் கிடைக்காத ராத்திரியில்

ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் தூள் உப்பு. தலைதட்டுவது என்றால் கத்தியின் முதுகால் ஸ்பூனின் மேல் வழித்துவிடுவது. டீஸ்பூன் என்றால் 5 மில்லி பிடிப்பது. இருமல் மருந்தோடு வரும் அளவு மூடியில் 5 மில்லிக் கோடு வரை தண்ணீர் எடுத்து உங்கள் ஸ்பூனில் ஊற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். கல்லுப்புதான் இருக்கிறது என்றால் பொடித்து அளங்கள், கல்லாக அளந்தால் அளவு மாறும். உப்பில் சந்தேகம் வந்தால் குறைவாகவே போடுங்கள்.

இந்தக் கரைசலில் பொட்டாசியம் கிடையாது, ஆகவே பாக்கெட் கிடைக்கும்வரைதான் இது. காலையில் கடை திறந்ததும் பாக்கெட்டுக்கு மாறிவிடுங்கள். கூடவே சோற்றுக் கஞ்சியை நீர்க்கக் காய்ச்சி, லிட்டருக்கு அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொடுக்கலாம். அரிசியின் மாவுச்சத்து குடலில் மெதுவாகக் குளுக்கோஸாக உடைவதால் உப்புக்கும் தண்ணீருக்கும் அது நல்ல துணை. உப்புப் போட்ட நீர்மோரும் நல்லது. பாட்டி வைத்தியம் என்று நாம் ஒதுக்கிய உப்புக் கஞ்சி, வீட்டில் கொடுக்கத் தகுந்த பானம் என்று உலக சுகாதார நிறுவனமே ஏற்றுக்கொண்டது.

இளநீரைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் மிகக் கொஞ்சம். பேதியில் முக்கியமாகப் போவது சோடியம். ஆகவே இளநீர் கூடுதலாக இருக்கலாம், ஓஆர்எஸ்ஸுக்கு மாற்றாக முடியாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அதுவும் கொடுக்கக் கூடாது. வெறும் குளுக்கோஸ் பவுடரைக் கரைத்துக் கொடுப்பது, கூல்டிரிங்ஸை ஆற்றிக் கொடுப்பது, டப்பா பழச்சாறு எல்லாம் சர்க்கரையை மட்டும் ஏற்றிப் பேதியைக் கூட்டும். டீ, காபியும் வேண்டாம்.

"ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திடுங்க டாக்டர்"

வரிசையில் நிற்கும் தகப்பன்மார் பாதிப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். வாயால் கொடுப்பது ஏழை வைத்தியம், ஊசி வழியே ஏற்றுவதுதான் நிஜ வைத்தியம் என்ற நினைப்பு. 1971-இல் கிழக்கு பாகிஸ்தானில் போர் மூண்டு லட்சக்கணக்கான மக்கள் எல்லை தாண்டி மேற்கு வங்கத்துக்கு வந்தார்கள். பன்காவ் என்ற எல்லை ஊரில் காலரா பரவியது. ஆஸ்பத்திரித் தரையெல்லாம் நோயாளிகள். ஏற்றுவதற்கு சலைன் பாட்டில் தீர்ந்துபோனது. திலீப் மஹலநாபிஸ் என்ற மருத்துவர் துணிந்து ஒரு முடிவெடுத்தார். குளுக்கோஸ், சாப்பாட்டு உப்பு, சமையல் சோடா மூன்றையும் அளந்து பொட்டலம் கட்டி, தண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்கள் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னார். அந்தச் சூழ்நிலையில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்தார்கள்; அவருடைய முகாமில் அது நான்குக்கும் கீழே இறங்கியது. 1978-இல் லான்செட் மருத்துவ இதழின் தலையங்கம், உப்பும் சர்க்கரையும் சேர்ந்தால் குடல் நீரை உறிஞ்சும் என்ற கண்டுபிடிப்பு அந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று எழுதியது. மஹலநாபிஸ் 2022-இல் காலமானார். மறுவருடம் பத்ம விபூஷண் அறிவித்தார்கள். அங்கே கரைசலைக் குடிக்கக் கொடுத்த கைகள் மருத்துவம் படித்தவை இல்லை. அம்மா, அண்ணன், கணவன். நம் வீட்டில் இருக்கும் அதே கைகள்.

ஏற்றியே ஆகவேண்டிய நேரமும் உண்டு. அதை அடையாளம் கண்டுகொள்வதுதான் அடுத்தது.

எப்போது தூக்கிக்கொண்டு ஓடவேண்டும்?

பிள்ளையின் வயிற்றுத் தோலைத் தொப்புளுக்கும் விலாப்புறத்துக்கும் நடுவில் இரண்டு விரலால் நெடுக்காகக் கிள்ளித் தூக்கி விடுங்கள். நீர்ச்சத்து இருந்தால் விட்ட கணமே தோல் சமமாகிவிடும். மெதுவாக இறங்கினால் நீர் குறைந்திருக்கிறது. இரண்டு நொடிக்கு மேல் மடிப்பு அப்படியே நின்றால் நிலைமை மோசம். உங்கள் பிள்ளை சுகமாக இருக்கும்போதே ஒரு தடவை இதைச் செய்து பார்த்துவையுங்கள்; வித்தியாசம் அப்போதுதான் கைக்குத் தெரியும்.

கண் குழிவிழுந்திருப்பது, அழுதால் கண்ணீர் வராதது, நாக்கு வறண்டு ஒட்டுவது, கைக்குழந்தைக்கு உச்சிக்குழி உள்வாங்கியிருப்பது இவையெல்லாம் நீர் குறைந்ததன் அடையாளம். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால் பொறுக்கக் கூடாது. எரிச்சல்பட்டு, சிணுங்கிக்கொண்டு, ஸ்பூனைக் கண்டதும் ஆவலாகப் பாய்ந்து குடிக்கிற பிள்ளைக்கும் நீர் குறைந்திருக்கிறது, ஆனால் வாயால் மீட்டுவிடலாம். சுகாதார நிலையத்தில் கிலோவுக்கு 75 மில்லி என்று கணக்கிட்டு நான்கு மணி நேரத்தில் கொடுப்பார்கள். எட்டுக் கிலோ பிள்ளைக்கு 600 மில்லி. அழுத பிள்ளை அடங்கி, துவண்டு, கூப்பிட்டால் கண் திறக்காமல், கொடுத்ததை விழுங்காமல் கிடந்தால் அது தூக்கமில்லை. "இப்பத்தான் அசந்து தூங்குறான், எழுப்பாதே" என்று அந்த நேரத்தில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

மலத்தில் ரத்தம், அடங்காத காய்ச்சல், கொடுத்ததெல்லாம் வாந்தி, பச்சையாக வாந்தி, வயிறு உப்பிக்கொண்டு வலி, அரிசி கழுவிய தண்ணீர் போல ஓயாமல் போவது, வலிப்பு: இவற்றில் எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. போகிற வழியிலும் விழுங்க முடிகிற பிள்ளைக்கு ஸ்பூனால் கொடுத்துக்கொண்டே போங்கள்.

பேதி கண்ட பிள்ளையைத் தொக்கம் எடுக்கவும் குடல் தட்டவும் கொண்டுபோகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பல் முளைப்பதால் வரும் பேதி, அதுவாக நிற்கும் என்று விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, பிள்ளை மேல் உள்ள பயத்தில்தான் அங்கெல்லாம் ஓடுகிறார்கள். ஆனால் அப்படிக் கழிகிற இரண்டு மூன்று மணி நேரம்தான் கரைசல் உள்ளே இறங்கியிருக்க வேண்டிய நேரம்.

மாத்திரை, சாப்பாடு

பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. அது குடலின் அசைவைக் கட்டிப்போடும். வெளியே வராத நீர் உள்ளே தேங்கி வயிறு வீங்கும். ஆன்டிபயாடிக் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தேவையில்லை, ஏனென்றால் காரணம் அநேகமாக வைரஸ். சீதபேதி, காலரா என்றால் மருத்துவர் எழுதுவார். போன தடவை மிச்சம் வைத்த சிரப்பை நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

கட்டாயம் கொடுக்க வேண்டிய மாத்திரை ஒன்று உண்டு, துத்தநாகம். சிங்க் மாத்திரை என்று கேட்டால் தருவார்கள், அரசு நிலையத்தில் ஓஆர்எஸ்ஸோடு சேர்த்தே கொடுப்பார்கள். ஆறு மாதத்துக்கு மேல் தினமும் 20 மில்லிகிராம். இரண்டிலிருந்து ஆறு மாதம் வரை 10, அதாவது அரை மாத்திரை. ஸ்பூனில் தாய்ப்பாலோ ஆறிய தண்ணீரோ கொஞ்சம் விட்டு மாத்திரையைப் போட்டால் கரைந்துவிடும். 14 நாள். பேதி மூன்றாம் நாளே நின்றுவிட்டாலும் 14 நாள். குடலின் உள்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள இது உதவுகிறது, அடுத்த சில மாதங்களில் மறுபடி பேதி வருவதையும் குறைக்கிறது. பிள்ளை ஓடியாட ஆரம்பித்ததும் எல்லோரும் மறப்பது இதைத்தான்.

சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். பட்டினி போட்டால் குடலுக்கு ஓய்வு கிடைக்கும் என்பது பழைய எண்ணம். குழைந்த சோறு, பருப்பு, இட்லி, தயிர், வாழைப்பழம், மசித்த உருளைக்கிழங்கு என்று கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். சாப்பாட்டில் ஒரு சொட்டு எண்ணெய் இருக்கலாம். குணமானபின் இரண்டு வாரத்துக்கு வழக்கத்தைவிட ஒரு வேளை கூடுதலாகக் கொடுத்தால் இளைத்த உடம்பு தேறிவிடும்.

பெரியவர்களுக்கு

வளர்ந்தவர்கள் ஒவ்வொரு தடவை போன பிறகும் ஒரு தம்ளர், இரண்டு தம்ளர் கரைசலை வாய் வாயாகக் குடிக்கலாம். வயதானவர்களுக்குத் தாகம் அவ்வளவாகத் தெரியாது; அப்பாவுக்கோ பாட்டிக்கோ பேதி என்றால் "வேணுமா" என்று கேட்காமல் தம்ளரைக் கையில் கொடுத்து நில்லுங்கள். எழுந்து நின்றால் தலைசுற்றல், சிறுநீர் குறைந்து அடர்ந்த நிறம், பேச்சில் குழப்பம் வந்தால் தாமதிக்கக் கூடாது.

"சுகர் இருக்கே, இதுல சர்க்கரை இருக்கே" என்று தயங்குகிறார்கள். லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். நீர் வற்றுவது அதைவிடப் பெரிய ஆபத்து. குடிக்கலாம், சுகரை அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அன்றைக்கே மருத்துவருக்குப் போன் போட்டு எதைத் தொடர்வது எதை நிறுத்துவது என்று கேட்டுவிட வேண்டும். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அவற்றில் சில சிறுநீரகத்தைப் பாதிக்கும். இதய பலவீனம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அளவைக் கேட்டுத்தான் குடிக்க வேண்டும்.

அலமாரியில் இருக்க வேண்டியவை

குழந்தை பிறந்ததும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தை மறக்காதீர்கள். 6, 10, 14-ஆம் வாரங்களில் அரசு மையங்களில் இலவசம். இந்தியாவிலேயே உருவான ரோட்டாவாக் மருந்தைச் சோதித்த மூன்று இடங்களில் வேலூரும் ஒன்று. அதைப் போட்டாலும் வேறு கிருமிகளால் பேதி வரலாம். கடுமையான பேதி குறையும்.

அக்கா வீட்டு அலமாரியின் மேல்தட்டில் இப்போது ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. ஒரு லிட்டர் பாக்கெட் மூன்று, சிங்க் மாத்திரை ஒரு அட்டை, 5 மில்லி ஸ்பூன் ஒன்று, ஒரு சிரிஞ்சு. பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த ஒரு லிட்டர் பாட்டில், அதன் கழுத்தில் சிவப்பு நெயில்பாலிஷால் அத்தான் போட்ட கோடு. டப்பாவின் மூடியில் பாக்கெட்டின் காலாவதித் தேதியையும் செவிலியரின் போன் நம்பரையும் எழுதி ஒட்டியிருக்கிறாள். போன மாதம் எதிர்வீட்டுப் பெண் ராத்திரி பத்து மணிக்குக் குழந்தையோடு வந்து கதவைத் தட்டியபோது, அக்கா பாக்கெட்டைத் தேடும் முன்பே பாட்டிலை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்: "முதல்ல இந்தக் கோடு வரைக்கும் தண்ணி பிடி."